வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜனவரி 28 – சுவாதி

நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியோடு நட்சத்திரமும் ராகு காலமும் அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. இனி தினமும் பத்து வேலை இருக்கும், அறுபத்துநாலு வயதில் எனக்கு எதுவும் ஞாபகம் நிற்பதில்லை. எழுதி வைத்தால் நல்லது.

புரோக்கர் பால்வண்ணன் காலையில் வந்து மொட்டைமாடிவரை ஏறிப் பார்த்தார். "வீடு நல்லாத்தான் இருக்கு மதினி. வெள்ளையடிச்சு, சாமானைக் குறைச்சு வைங்க. வாரவன் நம்ம சாமானைப் பாக்கக் கூடாது. அவன் சாமானை எங்கன போடலாம்னு பாக்கணும்" என்றார். விவரமான ஆள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சியை என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். நான் வண்ணார்பேட்டையில் ஒரு பிளாட்டுக்குப் போகிறேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாதல்லவா. லிஃப்ட் உள்ள பிளாட் ஒன்றும் காட்டினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: "போ." தண்ணீர் வேண்டுமென்றாலும் போ, மூத்திரம் வந்தாலும் போ. ஒருவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை சில சமயம் இப்படித் தங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். நான் ஆச்சரியப்படவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவு. கட்டிலருகே போய், "வீட்டை விக்கப் போறேன்" என்று சொன்னேன். "போ" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 31 – கேட்டை

பெயின்டர் வந்தார். அடுப்படிச் சுவரில் மூன்று பள்ளங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, ஆணி அடிச்ச தடமும் இல்லியே" என்றார்.

"சொம்பு" என்றேன்.

"மூணுமா?"

"ஒண்ணு டம்ளர்."

பட்டி வைத்துத் தேய்த்துவிட்டார். கையால் தடவிப் பார்த்தேன், தெரியவில்லை. முப்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே குழம்பு வைத்திருக்கிறேன். கால் மணி நேர வேலை.

பிப்ரவரி 2 – பூராடம்

செப்டிக் டேங்க் சுத்தம் செய்தார்கள். அவர் அறை ஜன்னலைச் சாத்தவில்லை. அவர் கட்டிய டேங்க்தானே.

பிப்ரவரி 4 – திருவோணம்

தை அமாவாசை. வாழைக்காய்ப் பொரியல், சாம்பார். மதியம் பீரோவைத் திறந்து மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினேன். வில்லங்கச் சான்றுக்குப் பால்வண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்திரம் என் பேரில் இருக்கிறது: ஆவுடையப்பன் மனைவி சொர்ணவல்லி. காண்டிராக்டர்கள் வாசலில் காத்துக் கிடக்கும் இலாகாவில் அவர் வேலை பார்த்தார். சம்பளத்தைவிட வீடு பெரியதாக வளர்ந்துவிட்டதால், யாராவது மேலே எழுதிப்போட்டுவிடக் கூடாது என்று என் பேரில் பதிந்தார். அன்றைக்கு எனக்கு முப்பத்துமூன்று வயது. பதிவு ஆபீஸில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, "பேருதான்ட்டி உன் பேரு. மனசுல வச்சிக்கோ" என்றார். வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உப்பு கூடினால், சட்டை சுருங்கினால், அவர் அக்கா வந்தபோது நான் எழுந்திருக்கத் தாமதித்தால், வாசல் கதவைத் திறந்துவைத்து, "இது என் வீடு. வெளிய போ" என்பார். நிஜமாகவே வெளியே நிற்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். மழை வந்தால் போர்ட்டிகோவுக்குள் வர அனுமதி உண்டு.

சாயங்காலம் பத்திரத்தை அவருக்குக் காட்டினேன். என் பேர் இருக்கும் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணில் நீர் வடிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படி வடியும், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 8 – உத்திரட்டாதி

பழைய சாமான் எடுப்பவர்கள் வந்தார்கள். அவருடைய ஈசிச்சேர், தேக்கு மேசை, ஷூ வைக்கும் அலமாரி, இருபது வருஷத்து டிரான்ஸ்ஃபர் ஆர்டர்கள், பிரிவுபசார விழாவில் கொடுத்த கேடயங்கள். ஒவ்வொன்றையும் அவர் அறை வழியாகக் கொண்டுபோகச் சொன்னேன். அது சுற்றுவழி. எஸ்தர், "நேரா வாசல் வழியாப் போலாம்லாம்மா?" என்றாள். எஸ்தர் எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், வேலை சுத்தம், கொஞ்சம் அதிகமாக யோசிப்பவள். "சுவத்துல புதுப் பெயின்ட், இடிச்சிரும்" என்றேன்.

ஈசிச்சேர் போகும்போது அவர் இடது கையைத் தூக்கி, "போ போ போ" என்றார். தூக்கிப்போனவர், "போறோம் சார்" என்று பணிவாகச் சொன்னார்.

பிப்ரவரி 12 – கார்த்திகை

வீடு வாங்க ஆள் வந்தாயிற்று. தூத்துக்குடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் திரவியம், அவர் மனைவி, மகள் சுகிர்தா. மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இங்கே பாளையங்கோட்டையில் காலேஜ் வேலை. மகள் குடித்தனம் செய்ய இந்த வீடு. பங்குனியில் குடிபோகக் கூடாது, அதனால் மாசி முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டும் என்கிறார்கள்.

திரவியத்தின் மனைவி எல்லா அலமாரியையும் திறந்து பார்த்தாள். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமுக்கு வந்ததும் நின்றாள். "எக்கா, இம்புட்டுப் பெரிய தாழ்ப்பாளை எதுக்கு வெளிப்பக்கமா போட்டிருக்கிய? உள்ள ஒண்ணையும் காணோம்."

"பூனை வரும்."

"லைட் சுவிட்சும் வெளியவே இருக்கு."

"பூனைக்கு லைட் எதுக்கு" என்றேன். அவள் சிரித்தாள்.

எல்லோரும் அவர் அறையில்தான் வந்து நின்றார்கள். அங்கேதான் மின்விசிறி நன்றாகச் சுற்றும். திரவியம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனைக்கக் கூடாது அக்கா. இந்த வீட்டுல சாவு ஏதும் விழுந்திருக்கா?"

"வெறும் மனையா வாங்கி நாங்க கட்டுனது. இதுவரைக்கும் யாரும் சாகலை."

திரவியம் கட்டிலைப் பார்த்தார். "இனிமேப்பட்டுதான் கேக்கேன். அடைப்பு நட்சத்திரத்துல ஏதும் ஆயிட்டுன்னா ரூமைப் பூட்டிப் போட்டுரணும். சிலதுக்கு ரெண்டு மாசம், சிலதுக்கு ஆறு மாசம். எம் மவ வாழப் போற வீடு. சாவி எங்க கைக்கு வார வரைக்கும் இங்கன ஒண்ணும் நடக்கக் கூடாது. நடந்துட்டுன்னா நான் வாங்க மாட்டேன். மனசுல பட்டதச் சொல்லிட்டேன்."

நியாயமான பேச்சுதான். கெட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் போனவர் அந்த அறையையே சுற்றிக்கொண்டிருப்பார் என்று அடைத்துவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சாயங்காலம் ஒரு விளக்கு மட்டும் ஏற்றிவைப்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாங்குகிறவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

"அவிய முன்னாலயே பேசுதோமே" என்றாள் திரவியத்தின் மனைவி.

"அண்ணாச்சிக்கு ஒண்ணும் புரியாது" என்றார் பால்வண்ணன். நான் திருத்தவில்லை. கட்டிலில் கிடந்தவர் கண் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் சுகிர்தா மட்டும் கட்டிலருகே போய்க் குனிந்து, "தாத்தா, வீட்டை ரொம்ப அழகாக் கட்டியிருக்கிய" என்றாள். "போ" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆசீர்வாதம் பண்ணுதாவ. நல்லபடியாப் போயிட்டு வான்னு சொல்லுதாவ" என்றேன்.

மார்ச் 8 பத்திரப் பதிவு, அன்றே சாவி. அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 13 – ரோகிணி

காலையில் இட்லி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். மதியம் கஞ்சியும் இறங்கவில்லை. "வயிறு சரியில்ல போலம்மா" என்றாள் எஸ்தர். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். அதையும் துப்பினார்.

பிப்ரவரி 15 – திருவாதிரை

வயிறெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது நாளாக ஒரு பருக்கை இறங்கவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடிக்கிறார். இன்று நானே ஸ்பூனோடு உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு நிற்பாரே, அந்தப் பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரவியம் பேசியதைக் கேட்டு மூன்று நாளாகத் திட்டம் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். ஒரு கையும் ஒரு வார்த்தையும் வைத்துக்கொண்டு அவரால் இன்னும் இந்த வீட்டை விற்கவிடாமல் செய்ய முடியும். அதற்கு அவர் இங்கேயே செத்தால் போதும்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். சாயங்காலம் நர்ஸ் வந்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டுப் போனார். இனி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கஞ்சித் தண்ணீர், பால், பழச்சாறு. குழாய் இறங்கும்போது என் முகத்தையே பார்த்தார். "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொன்னேன். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 19 – மகம்

ஓசூரிலிருந்து மகள் உமா போன். "எம்மா, அவரை எங்க வேணா கொண்டு வையி. எனக்கு போட்டோ மட்டும் அனுப்பாத" என்றாள். எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 24 – சுவாதி

தச்சர் வந்து ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளைக் கழற்றினார். பித்தளை, முழுசாக ஒரு முழம் நீளம். "இந்தக் காலத்துல இது கெடைக்காதும்மா. எடைக்குப் போட்டுராதிய" என்றார். ஈயம் பூசின பாத்திரங்களோடு அதையும் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்தேன். கதவில் நாலு ஓட்டைகளையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே போ என்பது அலுத்துப்போன வருஷங்களில் இதைக் கண்டுபிடித்தார். அக்கம்பக்கம் பார்க்காது பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டு லைட்டையும் அணைத்துவிட்டு ஆபீஸ் போவார். அரிசி மூட்டைக்கும் புளிப் பானைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் உமா பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவாள், எனக்குக் கேட்கட்டும் என்று. தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. எட்டுகிற வயது வந்ததும் ஒருநாள் திறந்தாள். அன்றைக்கு அவளையும் என்னோடு உள்ளே வைத்துப் பூட்டினார். அடுத்த ஜூனில் அவளை ஹாஸ்டலில் சேர்த்தேன்.

எதற்கு இதெல்லாம் எழுதுகிறேன். தாழ்ப்பாள் கழற்றியாயிற்று, வேலை முடிந்தது.

மார்ச் 3 – உத்திராடம்

இடது கையால் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். நர்ஸ் மறுபடி வந்து போட்டார். என் பழைய நூல்புடவையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். மெத்தென்று இரண்டு மடிப்பாக மடித்துத்தான் கட்டினேன்.

எஸ்தர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். "எம்மா, அவியளை விட்டுருங்க. போகணும்னு நெனைக்காவ. போகட்டுமே."

"எட்டாந்தேதி போவாவ."

"நான் அந்தப் போறதச் சொல்லலை."

"நான் அதைத்தான் சொல்லுதேன்" என்றேன். அவள் எழுந்து போய் அவருக்கு முதுகு துடைத்தாள்.

எதிர்வீட்டம்மாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். நான் குழாயில் பால் விடுவதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல உங்கள மாதிரி யாரு பாப்பா? கோயில் கட்டிக் கும்பிடணும்" என்றாள். நான் நடுத்தெருவில் நின்ற நாளெல்லாம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டவள். கீரை முற்றல்.

மார்ச் 6 – சதயம்

கேட் தூணில் பதித்திருந்த கருங்கல்லைக் கொத்தனார் பெயர்த்து எடுத்தார். "ஆவுடை இல்லம்" என்று பொன்னிறத்தில் வெட்டிய கல். "அதை எடுத்திட்டுப் போயிருங்க அக்கா" என்று திரவியம் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

கழுவித் துடைத்து அவர் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாத்திவைத்தேன். கண்ணாடியையும் மாட்டிவிட்டேன். படித்தார். ரொம்ப நேரம் படித்தார். "போ" கூடச் சொல்லவில்லை. கண்ணில் நீர் வடிந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 7 – பூரட்டாதி

எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. என் சாமான்கள் சின்ன லாரியில் பிளாட்டுக்குப் போய்விட்டன, கல்லும் சேர்த்து. மிச்சம் அவருடைய கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டவ். எஸ்தருக்கு வெட் கிரைண்டரைத் தருவதாகச் சொல்லி ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மதியத்திலிருந்து நெஞ்சில் கொரகொரவென்று சத்தம். டாக்டர் வந்து பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். "நாளைக்குக் காலையில எட்டரைக்கு வண்டி வருது டாக்டர். அந்த இல்லத்துலயே ஆக்ஸிஜன் இருக்கு" என்றேன். ஊசி போட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்கே அனுப்பியிருக்கலாம். எஸ்தரும் அதைத்தான் கேட்டாள். வண்டியைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும், அவரும் வெளியே போயிருப்பார், திரவியத்துக்கும் பயமில்லை. ஆனால் இந்த நிலைமையில் அனுப்பினால் அவருக்கு எதுவும் தெரியாது. நாளைக்கு ஊசி வேலை செய்து, கண் தெளிந்து, வாசலைத் தாண்டும்போது அவர் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் போர்ட்டிகோவில் நிற்க வேண்டும். இத்தனை நாள் பாலும் பழச்சாறும் விட்டது அதற்குத்தான்.

காதருகே குனிந்து சொன்னேன். "நாளைக்கு எட்டரை மணிக்கு நீங்க வெளிய போறிய." மூச்சு மட்டும் சத்தமாக வந்தது.

மார்ச் 8 – உத்திரட்டாதி

ஆறு மணிக்குக் காபி போட எழுந்தேன். வீடு வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அந்தக் கொரகொரப்பு இல்லை.

கை ஜில்லென்று இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, இத்தனை நாள் ஸ்பூனுக்குத் திறக்காத வாய். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். இரண்டரை மணி நேரம். இரண்டரை மணி நேரம் அவரால் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தொரு வருஷம் எது பேசினாலும் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும். இதிலும் அவர்தான். இது என் வீடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

டைரியைப் புரட்டினேன். உத்திரட்டாதி. ஆறு மாச அடைப்பு. நட்சத்திரம்கூடப் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

காபியைக் குடித்தேன். பிறகு முகத்தைத் துடைத்து, சவரம் செய்து, விபூதி பூசி, தாடையைத் தூக்கி மஃப்ளரால் சுற்றிக் கட்டினேன். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். சுவர் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

எஸ்தர் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். காலைத் தொட்டதுமே கையை எடுத்துக்கொண்டாள். "எம்மா, அவிய போயிட்டாவ."

"தூங்குதாவ."

"எம்மா."

"எஸ்தர், எட்டரைக்கு வண்டி வருது. நீ கூடப் போற. அங்க போன பெறவு, பதினோரு மணிக்கு மேல எனக்குப் போன் பண்ணுத. வழியில ஆயிட்டுன்னு சொல்லுத. அது வரைக்கும் தூங்குதாவ."

அவள் குனிந்து, கட்டில் சட்டத்தில் இருந்த புடவைக் கிழிசலை அவிழ்த்தாள். மணிக்கட்டில் தடம் இருந்தது. அதைக் கம்பளிக்குள் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் செய்தாள். எனக்காகவா அவருக்காகவா என்று கேட்கவில்லை.

எட்டு மணிக்குத் திரவியத்தின் மனைவியும் சுகிர்தாவும் வந்துவிட்டார்கள். யார் வரச் சொன்னது. "ஐயா கெளம்புததுக்கு முன்ன ஒரு தடவை பாத்திட்டுப் போலாம்னு சொன்னா" என்றாள் தாய். அந்தப் பெண் கையில் ஒரு சாத்துக்குடிப் பை. கட்டிலின் கால்மாட்டில் போய், கம்பளிக்கு மேலாகவே அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எஸ்தர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அசந்து தூங்குதாவ" என்றாள் சுகிர்தா மெதுவாக.

"ராத்திரி பூரா தூக்கமில்ல. ஊசி போட்டிருக்கு" என்றேன். குரல் ஒழுங்காகவே வந்தது.

வண்டிக்காரர்கள் இரண்டு பேர். ஸ்ட்ரெச்சரில் எடுத்து, கூடத்தைக் கடந்து, நிலைப்படியைத் தாண்டிப் போர்ட்டிகோவில் ஒரு நிமிஷம் இறக்கிவைத்தார்கள். நான் குனிந்து காதில், "வெளிய போங்க" என்றேன்.

முப்பத்தொரு வருஷமாக அந்த வார்த்தையை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இல்லை.

தெருவில் எதிர்வீட்டம்மாள் கைகூப்பினாள். வண்டி போயிற்று. கூடத்தில் கிரைண்டர் ஒதுக்கிவைத்த இடத்திலேயே இருந்தது. எஸ்தர் வண்டியில் ஏறும்போது அதை நினைவுபடுத்தினேன். "எனக்கு வேண்டாம்மா" என்று முடித்துவிட்டாள்.

பதிவு ஆபீஸில் போட்டோ எடுத்தார்கள், ரேகை வைத்தேன். வெளியே வேப்பமரத்தடியில் திரவியத்தின் கையில் சாவியைக் கொடுத்து முடித்தபோது போன் வந்தது. எஸ்தர், "வழியில ஆயிட்டும்மா" என்றாள். சொல்லிக்கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பால்வண்ணன் நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தார். திரவியம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, "அக்கா, சொல்லக் கூடாது. ஆனா ஐயா பெரிய மனுசன். எம் மவளுக்கு ஒரு கொறையும் வந்திரக் கூடாதுன்னு வீட்ட விட்டு எறங்குன பெறவுதான் போயிருக்காவ" என்றார்.

"ஆமா" என்றேன். "அவிய எப்பவும் மத்தவங்களைப் பத்தித்தான் யோசிப்பாவ."

மார்ச் 9 – ரேவதி

தகனம் முடிந்தது. உமா வரவில்லை. அவர் அக்கா மகன் கொள்ளி வைத்தான்.

மார்ச் 24 – சுவாதி

நேற்றுப் பதினாறாம் நாள். உமா வந்து ஒருநாள் தங்கிவிட்டு இன்று காலை பஸ் ஏறினாள். போகும்போது கேட்டாள். "எம்மா, கடைசியில அவருக்கு நெனவு இருந்துச்சா?" இருந்தது என்றேன். "வீடு போறது தெரியுமா?" தெரியும் என்றேன். என் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்காகச் சந்தோஷப்படுகிறோம் என்று அவள் நினைத்திருக்கலாம். வீட்டிலேயே போனார் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவர் ஜெயித்த கதையை நான் ஏன் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்குச் சுகிர்தாவிடமிருந்து போன். மாசியிலேயே பால் காய்ச்சியாயிற்றாம். இப்போது அவளும் அம்மாவும் சாமான் அடுக்க வந்து நாலு நாளாக அங்கேயே தங்குகிறார்களாம். "ஆண்ட்டி, தாத்தா படுத்திருந்த ரூமைத்தான் நான் எடுத்திருக்கேன். கல்யாணத்துக்குப் பெறவும் அதான் எங்க ரூம். என்ன காத்து." அவள் பேசிக்கொண்டே போனாள். அந்த அறையைப் பூட்டு, செப்டம்பர்வரை படுக்காதே என்று சொல்லலாம். நாலு வார்த்தை. நாக்குவரை வந்தது. பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண். "ஜன்னலைத் தொறந்து வச்சுக்கோம்மா" என்றேன்.

மதியம் அதே தச்சரை வரச் சொல்லியிருந்தேன். இந்தப் பிளாட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. பெட்டியிலிருந்து பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தேன். "வெளிப்பக்கமாப் போடுங்க."

"உள்பக்கம்லாம்மா போடுவாவ."

"பூனை வரும்."

"ரெண்டாம் மாடிக்கா?" என்றார். பிறகு திருகாணியை முடுக்கினார்.

அறைக்குள் அந்தக் கருங்கல் மட்டும்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தி, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பிவைத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அங்கே அடைக்க வேண்டியவரை இங்கே அடைத்திருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. செப்டம்பர் எட்டாந்தேதிவரை கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன்.

மணி ஆறரை. அடைப்பு அறையில் இந்நேரத்துக்கு ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்பார்கள். நான் ஏற்றவில்லை. எனக்கு யார் ஏற்றினார்கள்.